ஐந்தில் ஒரு பங்கு

அன்புள்ள ஐயாவுக்கு,

ஸ்தோத்திரம். எனக்கு வயது 26, கோவையில் வேலை. சி.எஸ்.ஐ. குடும்பம். குழந்தையிலேயே ஞானஸ்நானம், பதினைந்து வயதில் திடப்படுத்தல், ஞாயிறு தவறாமல் கோயில். இங்கே நான் போகும் ஐக்கியத்தில் பைபிள் ஸ்டடி எடுக்கும் அண்ணன் ஒருவர், "என்றைக்கு இரட்சிக்கப்பட்டாய்? தேதி சொல்" என்று கேட்டார். சொல்லத் தெரியவில்லை. "பிறந்த தேதி தெரியாதவன் பிறக்கவே இல்லை" என்றார். அதற்குப் பிறகு நான்கு முறை பாவியின் ஜெபம் சொல்லி என்னை ஒப்புக்கொடுத்துவிட்டேன். "இயேசுவை ஏற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கொடுக்கும் தீர்மான அட்டையையும் மூன்று முறை நிரப்பிக் கொடுத்தேன். எந்த நிச்சயமும் வரவில்லை. என் பாவங்களை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி அறிக்கையிட்டேன் (பழைய அறையைக் காலி செய்தபோது ஓனர் திருப்பித் தந்த அட்வான்ஸில் நண்பனின் பங்கு 15,000-ஐ, "ஓனர் பிடித்துக்கொண்டார்" என்று சொல்லி நானே வைத்துக்கொண்டது உட்பட). நோட்டை எரித்தும் விட்டேன். நான் முழுக்கு ஞானஸ்நானம் எடுக்க வேண்டுமா? அந்நிய பாஷை வராதவனுக்கு இரட்சிப்பு உண்டா? கத்தோலிக்க நண்பர்களின் நிலை என்ன? முக்கியமாக, இரட்சிப்பை எப்படிப் பெற்றுக்கொள்வது? பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பிக்கு,

சில நாட்களாக எண்ணாகமம் ஐந்தாம் அதிகாரத்தை வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது. இல்லாவிட்டால் "உங்கள் ஆயரைப் பாருங்கள்" என்று இரண்டு வரியில் முடித்திருப்பேன்.

சில்லறைக் கேள்விகளை முதலில் தீர்த்துவிடுவோம். அந்நிய பாஷை: "எல்லாரும் அந்நிய பாஷைகளைப் பேசுகிறார்களா?" என்று 1 கொரிந்தியர் 12:30-இல் பவுல் கேட்கிறார். இல்லை என்ற பதிலை எதிர்பார்த்துக் கேட்கும் கேள்வி அது; கிரேக்கத்தில் வாக்கிய அமைப்பே அப்படி. முடிந்தது. கத்தோலிக்கர்கள்: 1547 ஜனவரியில் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம், பாவி தேவன் முன் நீதிமானாக்கப்படுதலைப் பற்றி 33 கண்டன விதிகள் போட்டது உண்மை. 1999 அக்டோபர் 31 அன்று அவுக்ஸ்பர்க் நகரில் லுத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் அதே பொருளில் கூட்டறிக்கை ஒன்றில் கையெழுத்திட்டதும் உண்மை. அவர்களே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது நீங்கள் யார் நடுவில்? முழுக்கு: உங்கள் சபையும் லுத்தரன், கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் சபைகளும் தாங்கள் கொடுத்த ஞானஸ்நானத்தைத் திரும்பக் கொடுப்பதில்லை. பாப்டிஸ்ட், பிரதரன், பெந்தெகொஸ்தே சபைகள் குழந்தைக்குக் கொடுத்ததை ஞானஸ்நானமாகவே எண்ணுவதில்லை. குழந்தையில் பெற்றவர்கள் பெரியவர்களாகி மறுபடி ஞானஸ்நானம் பெற்றதில், 1525 ஜனவரியில் சூரிச்சில் தொடங்கிய வழக்கு. ஐந்நூறு வருஷமாக நடக்கிறது; உங்கள் அறையில் தீராது. திகில் பிடித்த வேளைகளில் "எனக்கு ஞானஸ்நானம் ஆகியிருக்கிறது" என்று சொல்லித்தான் லூத்தர் தேறினார் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். அவரும் குழந்தையில் பெற்றவர்தான்.

இனி தேதி. புதிய ஏற்பாட்டில் 'இரட்சிக்கப்படு' என்ற வினை மூன்று காலத்திலும் வருகிறது. எபேசியர் 2:8-இல் "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்", நடந்து முடிந்து நிலைத்திருப்பது. 1 கொரிந்தியர் 1:18-இல் "இரட்சிக்கப்படுகிற நமக்கோ", நடந்துகொண்டிருப்பது. ரோமர் 5:9-இல் இனிமேல் இரட்சிக்கப்படுவது. மூன்றும் பவுலின் பெயரில் உள்ள கடிதங்களே. பட்ட, படுகிற, படும் என்று பள்ளிக்கூடத்தில் படித்த பெயரெச்சம்தான் இது. முதல் காலத்தை மட்டும் வெட்டி எடுத்து அதற்கு ஒரு தேதி முத்திரையும் குத்தினால், மற்ற இரண்டும் எங்கே போகும்? "நாம் விசுவாசிகளானபோது இரட்சிப்பு சமீபமாயிருந்ததைப்பார்க்கிலும் இப்பொழுது அது நமக்கு அதிக சமீபமாயிருக்கிறது" என்று ரோமர் 13:11 சொல்கிறது. அந்த அண்ணனின் கணக்கில் இந்த வசனத்துக்கு இடமே இல்லை.

தேதி கேட்கும் பழக்கம் வானத்திலிருந்து விழவில்லை. 1687-இல் லூனெபர்க் நகரில் பிரசங்கம் தயாரிக்க உட்கார்ந்த ஜெர்மன் இறையியலார் ஃபிராங்கே, தனக்கே விசுவாசம் இல்லை என்று கண்டு கலங்கி, ஒரு ஞாயிறு இரவு முழங்காலில் நின்றபோது சந்தேகம் நீங்கியது. பிறகு ஜெர்மனியின் ஹாலே நகரில் அவர் கட்டிய வட்டாரத்தில் மனந்திரும்புதலின் போராட்டமும் விடிவும் ஓர் எதிர்பார்ப்பாகவே ஆகிவிட்டது. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனரி சீகன்பால்கு அந்தப் பள்ளியில் வந்தவர். ஆகவே இது நமக்கு முந்நூறு வருஷப் பழக்கம். அதற்குப் பிறகு அமெரிக்கக் கூட்டங்களில் மனந்திரும்ப வருகிறவர்களை உட்காரவைக்கும் முன்வரிசைப் பெஞ்சும், கையில் திணிக்கும் அட்டையும் வந்து சேர்ந்தன. அட்டையில் அச்சிட்டிருக்கும் வசனம் பெரும்பாலும் "இதோ, வாசற்படியிலே நின்று தட்டுகிறேன்" என்பதாகத்தான் இருக்கும். அது வெளிப்படுத்தல் 3:20. லவோதிக்கேயா சபைக்கு எழுதியது. அதாவது ஏற்கெனவே விசுவாசிகள் என்று சொல்லிக்கொண்டு வெதுவெதுப்பாக உட்கார்ந்திருந்தவர்களுக்கு! பாவியின் ஜெபம் என்று நீங்கள் நான்கு முறை சொன்ன வாசகம் வேதத்தில் எங்கும் இல்லை. அதற்காக அது தப்பு என்று சொல்லவில்லை. "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்ற ஆயக்காரன் ஜெபம் அதைவிடச் சின்னது, போதுமானது. ஆனால் லிஃப்ட் வரவில்லை என்று பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்குவது போல அதை அமுக்கிக்கொண்டிருக்காதீர்கள்.

தேதி உள்ளவர்கள் கதையையும் பாருங்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லிக்குத் தேதி மட்டுமல்ல, நேரமும் உண்டு: 1738 மே 24, இரவு சுமார் எட்டே முக்கால், லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெரு. அதே வெஸ்லி 1739 ஜனவரி 4-ஆம் தேதி நாட்குறிப்பில், நான் இப்போதும் கிறிஸ்தவன் அல்ல என்று எழுதி வைத்திருக்கிறார். எட்டு மாதம்கூட ஆகவில்லை. உணர்ச்சி ஏறும், இறங்கும். நிச்சயத்தை அதில் கட்டினால் அதுவும் கூடவே இறங்கும். உங்களுக்கு எதுவும் தோன்றவில்லை என்பதற்காக அழாதீர்கள் தம்பி. நீங்கள் உணர்ந்தீர்களா என்பதைச் சிலுவை கேட்பதில்லை.

எப்படிப் பெற்றுக்கொள்வது என்று கேட்டீர்கள். விசுவாசத்தில் மூன்று அடுக்கு உண்டு என்று பழைய புராட்டஸ்டண்ட் இறையியலார் பிரித்தார்கள்: செய்தியை அறிவது, அது உண்மை என்று இசைவது, அதன்மேல் சாய்ந்துகொள்வது. முதல் இரண்டும் பிசாசுகளுக்கும் உண்டு. யாக்கோபு 2:19, விசுவாசித்து நடுங்குகின்றன. மூன்றாவதுதான் பெற்றுக்கொள்வது. மனந்திரும்புதல் அதன் மறுபுறம். அப்போஸ்தலர் 2:38-இல் பேதுரு சொன்னது மனந்திரும்புங்கள், ஞானஸ்நானம் பெறுங்கள் என்றுதான். இதைவிட ரகசியம் எதுவும் கிடையாது. உங்களுக்கு இது தெரியாததும் அல்ல.

நீங்கள் அடைப்புக்குறிக்குள் ஒளித்து வைத்த வரிக்கு வருகிறேன். கடிதத்தில் அடைப்புக்குறியே தேவையில்லாத இடம் அது ஒன்றுதான்.

கடவுளிடம் நான்கு முறை மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள். நண்பனிடம் ஒரு முறைகூட இல்லை. நோட்டை எரித்தீர்களாம். எரிந்தது காகிதம். பதினைந்தாயிரம் எரிந்ததா?

லேவியராகமம் 6-ஆம் அதிகாரத்தின் முதல் ஏழு வசனங்களை எடுங்கள். தன் வசம் ஒப்புவிக்கப்பட்டதை இல்லை என்று மறுத்தவனுக்கான சட்டம் அது. உங்கள் வழக்கேதான். அசலை முழுதாகத் திருப்ப வேண்டும். அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்ட வேண்டும். உரியவன் கையில் கொடுக்க வேண்டும். அன்றே பழுதற்ற ஆட்டுக்கடாவைக் குற்றநிவாரண பலியாகக் கொண்டுவர வேண்டும். எண்ணாகமம் 5:7 இதற்கு முன்னால் ஒரு படி சேர்க்கிறது: செய்ததை அறிக்கையிட வேண்டும். உரியவனும் இல்லை, வாங்கிக்கொள்ள இனத்தானும் இல்லை என்றால் மட்டுமே அது ஆசாரியனுக்குப் போகும்.

அந்த ஆட்டுக்கடா பலிக்கு எபிரெயத்தில் பெயர் ஆஷாம். ஏசாயா 53:10-இல் துன்பப்படும் தாசன் தன்னையே எதுவாகக் கொடுக்கிறார் தெரியுமா? அதே ஆஷாம், குற்றநிவாரணபலி. கிறிஸ்தவர்கள் அந்த அதிகாரத்தைச் சிலுவையாகத்தான் படிக்கிறோம். ஆகவே ஆட்டுக்கடா கணக்கு தீர்ந்தது. நீங்கள் ஒரு பைசா சேர்க்க முடியாது. அசலும் ஐந்தில் ஒரு பங்கும் தீரவில்லை. அது நண்பனுடைய பணம், இரட்சிப்பின் விலை அல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் இரண்டு வகை. பணத்தைத் திருப்பினால்தான் தேவன் ஏற்பார் என்று ஓடுகிறவன் ஒருவன். தேவன் ஏற்றுக்கொண்டாரே, பணம் எதற்கு என்று உட்கார்ந்துகொள்பவன் இன்னொருவன். நீங்கள் இரண்டாவது வகை.

வரி வசூலித்த சகேயுவின் வீட்டில் வரிசை எப்படி என்று பாருங்கள். மரத்தில் இருந்தவனைப் பார்த்து, உன் வீட்டில் தங்க வேண்டும் என்று முதலில் இயேசு சொல்கிறார். அப்போது அவன் ஒரு காசும் கொடுத்திருக்கவில்லை. பிறகுதான் ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினது நாலத்தனை. தானாக ஒத்துக்கொள்கிறவன் கூட்ட வேண்டியது ஐந்தில் ஒரு பங்குதான். நாலத்தனை என்பது யாத்திராகமம் 22-இல் ஆட்டைத் திருடி அடித்தவனுக்கோ விற்றவனுக்கோ விதித்தது. அவன் தன்னைத் தானே திருடன் கணக்கில் எழுதிக்கொள்கிறான். சிலுவையில் தொங்கிய கள்ளனோ எதையும் திருப்பவில்லை. கைகள் ஆணியில் இருந்தன. அவனுக்கும் பரதீசு கிடைத்தது. உங்கள் கைகள் ஆணியில் இல்லை, போனில் இருக்கின்றன.

பிலிப்பியில் சிறைச்சாலைக்காரன் உங்கள் கேள்வியைத்தான் கேட்டான்: "இரட்சிக்கப்படுவதற்கு நான் என்ன செய்யவேண்டும்?" விசுவாசி என்று பதில் வந்தது. அப்போஸ்தலர் 16:33-ஐ நிதானமாகப் படியுங்கள். அந்த இரவிலேயே, அடிபட்டுச் சிறையில் கிடந்த பவுல், சீலா இருவருடைய காயங்களைக் கழுவினான், உடனே ஞானஸ்நானம் பெற்றான். சில மணி நேரத்துக்கு முன் அதே முதுகுகளைப் பார்த்துக்கொண்டே அவர்கள் கால்களைத் தொழுமரத்தில் மாட்டியவன் அவன்தான். தண்ணீர் முதலில் அவர்கள் முதுகுக்குப் போனது. அவன் கழுவினான், கழுவப்பட்டான் என்று ஆதிச்சபைப் பிரசங்கி கிறிசோஸ்தோம் இதைப் பிரசங்கித்தார். நம் ஊரில் இந்த வசனத்தை வைத்து எவ்வளவு தண்ணீர் என்றுதான் சண்டை போடுகிறோம்.

சரி, எப்படித் திருப்புவது? 15,000-இல் ஐந்தில் ஒரு பங்கு 3,000. மொத்தம் 18,000. ஐந்தில் ஒரு பங்கு இன்றைக்கு உங்களைக் கட்டும் சட்டமா என்று கேட்டால், இல்லை. ஆனாலும் கொடுங்கள், இத்தனை நாள் அவன் பணம் உங்கள் பையில் இருந்திருக்கிறது. கோயில் உண்டியலில் போட்டுவிட்டு மனதைத் தேற்றிக்கொள்ளாதீர்கள். அவன் உயிரோடு இருக்கிறான், நம்பரும் உங்களிடம் இருக்கும். பெயர் சொல்லாமல் ஜிபே-யில் தட்டிவிடுவதும் ஆகாது. பணம் போய்ச் சேரும், பொய் அப்படியே நிற்கும். பேசும்போது "இயேசு என்னை மாற்றிவிட்டார்" என்று சாட்சியாக ஆரம்பிக்காதீர்கள். ஏமாற்றப்பட்டவன் உங்கள் சாட்சிக்கு ரசிகனாக உட்கார வேண்டியதில்லை. "ஓனர் பிடிக்கவில்லை, நான் எடுத்தேன்" என்ற ஒரு வாக்கியம் போதும். அவன் திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். மன்னித்தேன் என்று சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள், அது அவன் உரிமை.

ஓனரையும் மறந்துவிட்டீர்கள். இந்த விஷயத்தில் ஒரு தப்பும் செய்யாத மனுஷர் உங்கள் வாயால் திருடன் ஆனார். நண்பன் அதை இன்னும் எத்தனை பேரிடம் சொன்னானோ. ஓனர் பணம் தந்துவிட்டார் என்று அவர்களிடமும் சொல்லிவிடச் சொல்லுங்கள்.

கையில் மொத்தமாக இல்லையென்றால் மாதம் 3,000 வீதம் ஆறு மாதம். முதல் தவணையை அனுப்புகிற அன்று போன் செய்யுங்கள். மெசேஜ் வேண்டாம்.