நைட் கார்டா, கேப்பா?

தூக்கத்தில் பல்லைக் கடிப்பதற்கு ஒரு டாக்டர் நைட் கார்டு (இரவில் பல்மேல் மாட்டிக்கொள்ளும் உறை) போதும் என்கிறார், இன்னொருவர் தேய்ந்த பல் எல்லாவற்றுக்கும் கேப் போட்டு மற்ற பற்களையும் கொஞ்சம் ராவ வேண்டும் என்கிறார், யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை, தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிற ஆள். என்னைக் கேட்டால், ராவ மட்டும் அவசரப்படாதீர்கள். பல்லின் கெட்டியான மேல்படலமான எனாமல் போனால் திரும்ப வளராது. பற்கள் சரியாகப் பொருந்தாததால்தான் கடிக்கிறோம் என்பது பழைய எண்ணம், இப்போது இதைத் தூக்கத்தோடும் மன அழுத்தத்தோடும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

நைட் கார்டும் கடிப்பதை நிறுத்திவிடாது, பல்லுக்குப் பதில் அது தேயும், அவ்வளவுதான். அளவெடுத்துச் செய்த கெட்டியான அக்ரிலிக் (ஒரு வகைப் பிளாஸ்டிக்) கார்டாகக் கேளுங்கள். கடையில் விற்கிற மெத்தென்றதைச் சிலர் தூக்கத்தில் இன்னும் அதிகமாக மெல்லுகிறார்கள்.

அப்புறம், மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கிறீர்களா? சில மாத்திரைகளாலேயே இந்தப் பல் கடிப்பு வரலாம். நீங்களாக நிறுத்தாமல் எழுதிக்கொடுத்தவரிடம் சொல்லுங்கள். குறட்டையும் காலைத் தலைவலியும் இருந்தால் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், இதைப் பல் டாக்டர்கள் எல்லோரும் கேட்பதில்லை. பகலில் வேலை மும்முரத்தில் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டியிருக்கிறதா என்று அவ்வப்போது கவனியுங்கள், சாப்பிடாத நேரத்தில் ஒட்டவே கூடாது.

பல் உடைந்திருந்தால் கேப் தேவைப்படலாம், அது வேறு விஷயம். இல்லையென்றால் அந்த இரண்டாவது டாக்டரிடம், கேப்பையும் நான் கடித்து உடைத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.