பங்காளி பதில்கள்: டிரங்குப் பெட்டிக்குள்ள ஒரு ஜெனரல்

கேள்வி: பாட்டியோட டிரங்குப் பெட்டியைக் காலி பண்ணும்போது பட்டுச்சேலை மடிப்புக்குள்ள பர்மா 100 க்யாட் நோட்டு மூணு கிடைச்சது. அதுல ஒரு இளந்தாரி படம். யாருங்க இவரு? நோட்டு செல்லுமா?
(திருமங்கலம் வாசகர்)

செல்லாது பங்காளி. 1964 மே மாசம் ராத்திரியோட ராத்திரியா 50, 100 க்யாட் நோட்டெல்லாம் செல்லாதுன்னு சொல்லிட்டாங்க, உங்க பாட்டி மனசு கேக்காம மடிச்சு வச்சுருக்காங்க போல. பழைய நோட்டு சேக்குறவங்க ஏதாச்சும் தருவாங்க, ஆனா வித்துராதீங்க.

படத்துல இருக்குறது ஆங் சான். பர்மாக்காரங்க 'போஜோ'ம்பாங்க, பெரிய தளபதின்னு அர்த்தம். 1915ல நாட்மௌக்ங்குற சின்ன ஊர்ல பொறந்தவரு. ரங்கூன் யுனிவர்சிட்டில படிக்கிறப்ப மாணவர் பத்திரிகைக்கு ஆசிரியரு, அதுல நிர்வாகத்து ஆள் ஒருத்தரைக் கிழிச்சு பேரில்லாம ஒரு கட்டுரை வந்துச்சு, எழுதுனது யாருன்னு கேட்டாங்க, சொல்ல மாட்டேன்னுட்டாரு, வெளிய போன்னாங்க, அதுலயும் கூடப் படிச்ச ஊ நு (பின்னாடி பர்மா பிரதமர் ஆனவரு) மேல எடுத்த நடவடிக்கையிலயும் வெடிச்சதுதான் 1936 மாணவர் ஸ்ட்ரைக். (நானும் பத்திரிகைக்காரன்தான், இந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு மனுஷன பிடிக்கும்.) இளந்தாரின்னு சரியாத்தான் எழுதிருக்கீங்க, சாகும்போது வயசு 32 தான்.

கேள்வி: முதல்ல ஜப்பான்காரனோட சேந்தாரு, அப்புறம் வெள்ளைக்காரனோட சேந்தாரு. சட்டை மாத்துற மாதிரி பக்கம் மாத்துனவரைப் போய் நாட்டுத் தந்தைன்னு சொல்றாங்களே?
(உசிலம்பட்டி வாசகர்)

சரியான இடத்துல கைய வச்சுட்டீங்க, ஏன்னா இவரு கதையே சட்டைக் கதைதான்.

1941ல இவரு உட்பட 30 பேரு ஹைனான் தீவுல ஜப்பான்காரங்கிட்ட பயிற்சி எடுத்தாங்க. டிசம்பர்ல பாங்காக்ல கைய கீறி ரத்தத்தைக் கிண்ணத்துல கலந்து குடிச்சு சத்தியம் பண்ணி படை கட்டுனாங்க. ஜப்பான் 1943ல சுதந்திரம்னு ஒண்ணு கொடுத்துச்சு, இவருக்கு பாதுகாப்பு மந்திரி பதவி. ஆனா அது வெறும் பேருக்குத்தான்னு சீக்கிரமே புரிஞ்சுபோச்சு. 1945 மார்ச் 27ஆம் தேதி ஜப்பான் மேலயே திரும்பிட்டாரு, இன்னைக்கும் அங்க ராணுவ நாள் அந்தத் தேதிதான்.

மே மாசம் பிரிட்டிஷ் ஜெனரல் ஸ்லிம்மைப் பாக்க மெய்க்டீலாவுக்குப் போறாரு. எப்படிப் போனாரு தெரியுமா? ஜப்பான் மேஜர் ஜெனரல் மாதிரியே யூனிஃபார்ம், இடுப்புல வாள்! அங்க இருந்த ஆபீசருங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டுருக்கு. நாங்க ஜெயிக்கிறதப் பாத்துட்டுத்தான வந்தீங்கன்னு ஸ்லிம் கேக்க, தோக்குறவங்ககிட்ட வந்து என்னத்துக்காகப் போகுதுன்ற மாதிரி பதில் சொன்னாரு. ஸ்லிம்முக்கு அந்த நேர்மை பிடிச்சுப்போச்சு. ஆக, சட்டையை மாத்துனாரு, ஒத்துக்கிறேன், ஆனா ரெண்டு பக்கமும் கேட்டது ஒரே விஷயம்தான், சுதந்திரம்.

கேள்வி: அப்ப நேதாஜிக்கு துரோகம் பண்ணுனாருன்னுதான அர்த்தம்?
(கமுதி வாசகர்)

இல்ல. ஜப்பானோட சேந்து நின்ன நேதாஜியோட ஐஎன்ஏ படையும் இவரு படையும் ஒருத்தர ஒருத்தர் சுடுறதில்லைன்னு புரிஞ்சு வச்சுருந்தாங்க. 1946ல நேதாஜியோட அண்ணன் சரத் சந்திர போஸ் ரங்கூன் போனப்ப இவரே மேடையில அதைச் சொன்னாரு.

கேள்வி: பட்டாளத்துல இருந்து அரசியலுக்கு எப்ப வந்தாரு? பர்மா சிலைல எல்லாம் ஒரு நீள கோட்டு போட்டுருக்காரே, அந்த ஊரு வெயிலுக்கு எதுக்கு அது?
(செல்லூர் வாசகி)

அம்மாடி, இந்தக் கேள்விக்காகத்தான் உக்காந்துருந்தேன்.

1945 செப்டம்பர்ல கண்டியில மவுண்ட்பேட்டன் கூப்பிட்டுப் பேசி, புது பர்மா ராணுவத்துல டெபுடி இன்ஸ்பெக்டர் ஜெனரல் பதவி தர்றேன்னாரு. துப்பாக்கி கையில இருக்கு, ஆள் பின்னாடி இருக்கு, வெள்ளைக்காரனே பதவி குடுக்குறான். வேணாம்னுட்டு அரசியல்தான்னு வெளிய வந்துட்டாரு. என்னைக் கேட்டா அவரு வாழ்க்கையில பெரிய முடிவு இதுதான், ஜப்பான் மேல திரும்புனதுகூட இல்ல.

அப்புறம்தான் கோட்டு. 1947 ஜனவரில சுதந்திரம் பேச லண்டன் போற வழியில டெல்லில எறங்குறாரு. மேல கெடந்தது லேசான பழைய யூனிஃபார்ம், அங்க லண்டன்ல எலும்ப உருக்குற குளிரு. நேரு பாத்துட்டு இதோட போனா தாங்காதுன்னு டைலரைக் கூப்பிட்டு கம்பளியில ஒரு பெரிய கோட்டு தைக்கச் சொல்லிட்டாரு. புதுமண்டபத்துல முன்னாடி தூணுக்குத் தூண் மெஷினைப் போட்டு நம்ம டைலருங்க அவசரத் துணி தச்சுக் குடுப்பாங்கல்ல, அதே மாதிரி அவசரம்தான். அந்தக் கோட்டோட போயி பிரிட்டிஷ் பிரதமர் அட்லீகிட்ட ஜனவரி 27ஆம் தேதி ஒப்பந்தம் போட்டுட்டு வந்தாரு. ஒரு வருஷத்துக்குள்ள சுதந்திரம்னு பேச்சு. ஆக நீங்க பாத்த சிலையில இருக்குறது டெல்லி டைலர் கைவேலை.

கேள்வி: ஜார்ஜ் வாஷிங்டனும் இதே மாதிரிதானே?
(மேலூர் வாசகர்)

ஆமா, அவரும் 1783ல படைப் பதவிய ராஜினாமா பண்ணிட்டு பண்ணைக்குத் திரும்புனவரு. அப்புறம் ரெண்டு தடவை ஜனாதிபதி, மூணாவது வேணாம்னுட்டாரு. ஆனா அவரு பண்ணையில வேலை பாத்தது அடிமைங்க, அதையும் சேத்துத்தான் சொல்லணும். ஆங் சானுக்கு ஒரு தடவைகூட வாய்க்கல. 1947 ஜூலை 19, சனிக்கிழமை காலையில மந்திரிசபை கூட்டத்துல பூந்து சுட்டுட்டாங்க. ஏவிவிட்டது பழைய பிரதமர் ஊ சா, அடுத்த வருஷம் அவரைத் தூக்குல போட்டாங்க. செத்த மந்திரிங்கள்ல அப்துல் ரசாக்னு ஒருத்தர், அப்பா இந்திய முஸ்லிம், அம்மா பர்மாக்காரங்க, மாண்டலேல பள்ளிக்கூட ஹெட்மாஸ்டரா இருந்தவரு. சுதந்திரம் 1948 ஜனவரி 4ஆம் தேதி வந்துச்சு, பாக்க இவங்க யாரும் இல்ல.

கேள்வி: எங்க தாத்தா 64ல கட்டுன வேட்டியோட கப்பல் ஏறி வந்தவரு. நம்ம ஆளுங்கள வெரட்டுனது இவரோட ஆளுங்கதானே, எதுக்கு இவ்வளவு புகழ்றீங்க?
(விருதுநகர் வாசகர்)

கோவம் நியாயமானது, பாதி சரியும்கூட.

கடை கண்ணிய எல்லாம் அரசாங்கமே எடுத்துக்கிட்டது நீ வின். 1962ல ராணுவ ஆட்சியப் புடிச்சவரு. அவரும் அந்த 30 பேர்ல ஒருத்தர்தான், ஒரே கிண்ணத்துல குடிச்சவருதான். ஒருத்தர் யூனிஃபார்மைக் கழட்டி வச்சாரு, இன்னொருத்தர் யூனிஃபார்மோட நாற்காலியில உக்காந்து 26 வருஷம் எந்திரிக்கவே இல்ல. எங்க தெருவுல பர்மாவுல இருந்து வந்த ஒரு அம்மா இருந்தாங்க, கப்பல் ஏறும்போது காதுல கெடந்த கம்மலையும் கழட்டச் சொன்னாங்கன்னு சொல்லும்போதெல்லாம் கை தானா காதுக்குப் போகும்.

ஆங் சான் சுத்தத் தங்கம்னு நான் சொல்லல. 1942ல தடோன் பக்கம் வெள்ளைக்காரனுக்கு உதவுனாருன்னு ஒரு கிராமத் தலைவரைத் தன் கையாலயே வாளால குத்துனாரு. அவரு பேரு அப்துல் ரஷீத், இந்திய வம்சாவளி. போர் முடிஞ்சு அந்தத் தலைவரோட மனைவி புகார் கொடுத்தாங்க, கவர்னரு கைது பண்ணலாமான்னுகூட யோசிச்சாரு, நாடே பத்திக்கும்னு விட்டுட்டாங்க. செஞ்சதை இவரு மறுக்கல.

நம்ம பக்கமும் கொஞ்சம் பாக்கணும். 1930கள் கடைசியில கீழ் பர்மா நெல் வயல்ல கிட்டத்தட்ட கால் பங்கு செட்டியார் கடன் கணக்குல வந்து நின்னுச்சு. நெல்லு வெல விழுந்து கடன் கட்ட முடியாம போன நெலம் அதெல்லாம். காரைக்குடி பக்கம் போய் பர்மா தேக்குத் தூணைக் கட்டிப்புடிச்சு போட்டோ எடுக்கறோம்ல, அப்ப நெலம் போன விவசாயி ஒருத்தன் அங்க இருந்தான்ங்கறதும் ஞாபகம் வரணும்.

கேள்வி: இப்ப அங்க அவருக்கு என்ன மரியாதை? மகள் சூ கீ வேற ஜெயில்ல போயிட்டாங்களே.
(மேலமாசி வீதி வாசகர், பர்மா இடியாப்பக் கடைக்கு ரெண்டு கடை தள்ளி)

அப்பா சாகும்போது சூ கீக்கு 2 வயசு. 1988க்கு அப்புறம் அந்தம்மா அரசியலுக்கு வந்ததும் ராணுவம் பழைய ரூபாய்ல இருந்த அப்பா படத்தைக் கொஞ்சம் கொஞ்சமா காணாமப் போக்கிருச்சு, 2020லதான் 1000 க்யாட்ல திரும்பி வந்தாரு. மறுவருஷம் பிப்ரவரில மறுபடி ராணுவ ஆட்சி.

ஆனா எல்லா மக்களுக்கும் அவரு சாமி இல்ல. 1947 பிப்ரவரில பாங்லாங்ங்குற ஊர்ல ஷான், கச்சின், சின்னு மலை மக்களோட தலைவர்களோட உக்காந்து உங்க மலையில உங்க நிர்வாகம்னு கையெழுத்துப் போட்டாரு. அது நடக்கவே இல்ல. 2019ல கயா மாநிலத்துல லோய்காவ் ஊர்ல குதிரை மேல உக்காந்த மாதிரி ஆங் சான் சிலை வச்சாங்க, மகள் கட்சி ஆட்சிதான் அப்ப. முதல்ல அந்த வாக்குறுதிய நிறைவேத்துங்க, அப்புறம் சிலை வைங்கன்னு அந்த ஊர் பசங்க ரோட்டுக்கு வந்தாங்க. போலீஸ் தண்ணியப் பீச்சி, ரப்பர் குண்டால சுட்டு வெரட்டுச்சு.

இடியாப்பக் கடைக்கு நாளைக்கு சாயங்காலம் வர்றேன், ஒரு இடம் போட்டு வைங்க.