வெகுமதி வழி திறக்கும் என்றால் லஞ்சமும் சரியா? நீதிமொழிகள் 18:16 குறித்த கேள்விகளும் பதில்களும்

"ஒருவன் கொடுக்கும் வெகுமதி அவனுக்கு வழி உண்டாக்கி, பெரியோர்களுக்கு முன்பாக அவனைக் கொண்டுபோய் விடும்." நீதிமொழிகள் 18-ஆம் அதிகாரத்தின் 16-ஆம் வசனம் இது. போன வாரம் வேதபாட வகுப்பில் இதைப் படித்தோம். அன்றைக்கு நேரம் போதவில்லை. பலர் கேள்விகளை எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். பழைய ஏற்பாட்டு ஞான நூல்களைப் பல வருடமாகச் சொல்லிக்கொடுத்து வருகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, நேரடியாகவே கேட்கிறேன். இந்த வசனம் லஞ்சம் கொடுக்கச் சொல்கிறதா?

இல்லை. ஆனால் இந்தக் கேள்வி எழுவது நியாயம்தான், ஏனென்றால் வசனம் வெகுமதியைப் புகழவும் இல்லை, கண்டிக்கவும் இல்லை. நீதிமொழிகளில் இரண்டு விதமான வாக்கியங்கள் உண்டு. "இதைச் செய், இதைச் செய்யாதே" என்று கட்டளையாக வருபவை ஒரு விதம். "உலகம் இப்படித்தான் நடக்கிறது, கண்ணைத் திறந்து பார்" என்று காட்டுபவை இன்னொரு விதம். நம் வசனம் இரண்டாவது வகை. "வழி உண்டாக்கி" என்று தமிழில் இருக்கும் இடத்தில் எபிரெயச் சொல்லின் வேர் "அகலமாக்குதல்". நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்தில் ஒருவனுக்கு மட்டும் இடம் விலகிக் கொடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காட்சியைத்தான் நீதிமொழிகளை எழுதிய ஞானி சொல்கிறார்.

வார்த்தையையும் பாருங்கள். இங்கே வரும் சொல் "மத்தான்". கொடுத்தல் என்ற பொருளிலிருந்து வந்த பொதுச் சொல் அது. லஞ்சத்துக்கு எபிரெயத்தில் தனிச் சொல் உண்டு: "ஷோகாத்". தமிழ் வேதாகமம் அதைப் பரிதானம் என்கிறது. யாத்திராகமம் 23:8-ல் "பரிதானம் வாங்காதிருப்பாயாக" என்று வருவது இந்தச் சொல்தான். அது பார்வையுள்ளவர்களைக் குருடாக்கும் என்று அங்கேயே காரணமும் சொல்லப்பட்டிருக்கிறது.

இன்னொன்று. 16-ஆம் வசனத்தைத் தனியாகப் பிய்த்து எடுக்காதீர்கள். அடுத்த வசனம் வழக்கைப் பற்றியது: முதலில் பேசுகிறவன் நியாயமுள்ளவன்போலத் தோன்றுவான், எதிராளி வந்து விசாரிக்கும்போதுதான் உண்மை தெரியும். அதற்கு அடுத்தது, சீட்டுப் போட்டு வழக்கைத் தீர்ப்பதைப் பற்றி. ஆக, நம் வசனத்தின் அக்கம்பக்கம் முழுக்க நியாயவிசாரணைதான். வெகுமதியோடு போனவன் முதல் ஆளாக உள்ளே போய்விடுகிறான்; முதலில் பேசுகிறவன் நல்லவனாகத் தெரிகிறான். மூன்றையும் சேர்த்து வாசித்தால் இதில் எச்சரிக்கையும் இருப்பது புரியும்.

கேள்வி: "உன் தாலந்து (திறமை) உன்னைப் பெரியவர்கள் முன் நிறுத்தும்" என்று இதே வசனத்தை வைத்துப் பிரசங்கம் கேட்டிருக்கிறேனே?

நானும் கேட்டிருக்கிறேன். ஆங்கிலத்தில் பரிசுக்கும் திறமைக்கும் ஒரே சொல் புழங்குவதால் வந்த குழப்பம் இது. எபிரெயத்தில் "மத்தான்" கையால் கொடுக்கும் பொருளைத்தான் குறிக்கும். நம் தமிழ் மொழிபெயர்ப்பு "வெகுமதி" என்று தெளிவாகவே போட்டிருக்கிறது. திறமையைப் பற்றிப் பேச 22:29 இருக்கிறது: தன் வேலையில் ஜாக்கிரதையாயிருக்கிறவன் ராஜாக்களுக்கு முன்பாக நிற்பான். அதை எடுத்துப் பிரசங்கியுங்கள்.

கேள்வி: எவ்வளவு கொடுத்தால் வெகுமதி? பெரிய இடத்துக்குப் பெரிய பொருள்தான் வேண்டுமா?

வேதத்தில் அளவு ரொம்பவே மாறுகிறது. சவுல் தன் தகப்பனின் கழுதைகளைத் தேடிப் போகிறான். தீர்க்கதரிசி சாமுவேலைப் பார்த்துக் கேட்கலாம் என்று வேலைக்காரன் சொன்னதும் சவுலுக்கு வரும் முதல் கவலை, "கொண்டுபோகக் கையில் ஒன்றும் இல்லையே, பையில் இருந்த அப்பமும் தீர்ந்துபோயிற்றே" என்பதுதான். வேலைக்காரனிடம் கால் சேக்கல் வெள்ளி இருக்கிறது. இன்றைய கணக்கில் ஏறக்குறைய 3 கிராம். அது போதும் என்று கிளம்புகிறார்கள்.

அப்புறம் நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அந்த வெள்ளி கைமாறியதாக வசனம் சொல்லவே இல்லை. அதற்குப் பதிலாக, சாமுவேல் முந்தியே சமையற்காரனிடம் சொல்லி எடுத்துவைத்திருந்த தொடைக்கறி சவுலுக்கு முன்னால் வருகிறது. கொடுக்கப் போனவன் விருந்தாளியாகிவிட்டான்.

ஈசாய் தன் மகன் தாவீதைச் சவுலிடம் அனுப்பியபோது ஒரு கழுதையில் அப்பம், ஒரு துருத்தி (தோல்பை) திராட்சரசம், ஒரு வெள்ளாட்டுக்குட்டி. போர்க்களத்தில் இருந்த ஆயிரம்பேருக்கு அதிபதிக்குப் பத்துப் பால்கட்டிகள். யாக்கோபு எகிப்தின் அதிபதிக்கு அனுப்பியது கொஞ்சம் பிசின்தைலம், கொஞ்சம் தேன், வாதுமைக்கொட்டை இப்படி. பஞ்ச காலத்தில், வீட்டில் தானியம் தீர்ந்த நேரத்தில், அந்த மண்ணில் விளைந்ததில் மிச்சம் இருந்தது அது. பெரும்பாலும் சாப்பிடுகிற பொருள்தான் என்பதைக் கவனியுங்கள். வெறுங்கையோடு பெரியவர்களைப் பார்க்கப் போவதில்லை என்ற மரியாதை அது. எலுமிச்சம்பழமோ ஒரு சீப்பு வாழைப்பழமோ வாங்கிக்கொண்டு பெரியவர்களைப் பார்க்கப் போகிற நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

கேள்வி: அபிகாயில் செய்தது என்ன? புருஷனுக்குத் தெரியாமல் கொண்டுபோய்க் கொடுத்தாளே. லஞ்சம்தானே அது?

இந்தக் கேள்வியை அனுப்பிய சகோதரிக்கு நன்றி. 1 சாமுவேல் 25-ஐ நிதானமாகப் பார்ப்போம்.

அபிகாயிலின் புருஷன் நாபாலுக்கு 3,000 ஆடுகளும் 1,000 வெள்ளாடுகளும். மயிர் கத்தரிக்கிற நாள், வீட்டில் விருந்து. அவன் மேய்ப்பர்களுக்கு வனாந்தரத்தில் காவலாக இருந்த தாவீது, பத்து வாலிபரை அனுப்பி ஏதாவது கொடுக்கும்படி கேட்கிறான். நாபால் "தாவீது என்பவன் யார்?" என்று அவமானப்படுத்தி அனுப்புகிறான். தாவீது 400 பேரைப் பட்டயத்தோடு கிளப்பிவிட்டான். 200 பேர் சாமான்களுக்குக் காவல்.

வேலைக்காரன் ஒருவன் வந்து சொன்னதும் அபிகாயில் தாமதிக்கவில்லை. 200 அப்பம், இரண்டு துருத்தி திராட்சரசம், சமைத்த ஐந்து ஆடு, வறுத்த பயறு ஐந்து படி, வற்றலான திராட்சைக்குலை 100, அத்திப்பழ அடை 200. எல்லாம் கழுதைமேல் ஏறுகிறது. "எனக்கு முன்னே போங்கள்" என்று ஆட்களை அனுப்பிவிட்டுப் பின்னால் வருகிறாள். முதலில் போய்ச் சேர வேண்டியது வெகுமதி.

இப்போது கணக்குப் போடுங்கள். தாவீதிடம் 600 பேர். 200 அப்பம் என்றால் மூன்று பேருக்கு ஒன்று. வயிறு நிறையாது. இது விலை அல்ல என்பது அங்கேயே தெரிகிறது. தாவீதைக் கண்டதும் கழுதையைவிட்டு இறங்கி விழுந்து, பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு பேச ஆரம்பிக்கிறாள். அந்தப் பேச்சு 8 வசனம் ஓடுகிறது. அதில் வெகுமதிக்குக் கிடைத்த இடம் ஒரே ஒரு வசனம்! அதிலும், உமக்குக் கொண்டுவந்த இதை உம்மைப் பின்பற்றுகிற வாலிபருக்குக் கொடுங்கள் என்கிறாள்.

அவள் கேட்டது என்ன? வீணாக இரத்தம் சிந்தாதிரும், நாளைக்கு ராஜாவாகும்போது இது உம் மனதை உறுத்தக் கூடாது என்பதுதான். பரிதானம் நியாயத்தை வளைக்கும். இவள் கொண்டுபோனது, வளையப்போன ஒரு மனுஷனை நிமிர்த்தியது. தாவீதும் அப்பத்தை முதலில் பேசவில்லை. கர்த்தரைத் துதிக்கிறான், அடுத்ததாக அவளுடைய யோசனையை ஆசீர்வதிக்கிறான், அதன் பிறகுதான் கொண்டுவந்ததை வாங்கிக்கொள்கிறான். கழுதைகள் அவளைத் தாவீதின் முன் கொண்டுபோய் விட்டன, அவ்வளவுதான். காரியத்தை முடித்தது அவள் வாய்வார்த்தை.

புருஷனுக்குச் சொல்லாதது பற்றிக் கேட்டீர்கள். அன்று இரவு அவன் குடித்து வெறித்திருந்தான். பொழுது விடிந்து, வெறி தெளிந்ததும் அவளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஒளிக்கவில்லை.

கேள்வி: யாக்கோபு ஜெபமும் செய்தான், அண்ணன் ஏசாவுக்கு வெகுமதியும் அனுப்பினான். விசுவாசக் குறைவு இல்லையா?

ஆதியாகமம் 32-ல் ஜெபம் முதலில் வருகிறது, வெகுமதி அடுத்து வருகிறது. பயந்தான் என்பது உண்மை. வெள்ளாடு 220, செம்மறி 220, பால் கொடுக்கிற ஒட்டகம் 30, மாடு 50, கழுதை 30. ஒட்டகக் குட்டிகளை விட்டுவிட்டாலே மொத்தம் 550 உருப்படி. மந்தைக்கும் மந்தைக்கும் இடைவெளி விட்டு, ஒவ்வொரு வேலைக்காரனும் ஒரே வசனத்தைச் சொல்லும்படி பழக்கி அனுப்புகிறான். ஒரு மந்தை போய் மனது கொஞ்சம் இளகும், அடுத்தது வரும், இன்னும் இளகும். மனிதரைப் படித்தவனுடைய வேலை இது.

ஆனால் அதைவிட ஆழமான ஒன்று எபிரெயத்தில் ஒளிந்திருக்கிறது. 33:11-ல் "என் காணிக்கையை ஏற்றுக்கொள்ளும்" என்று தமிழில் வாசிக்கிறோம். அங்கே இருக்கிற சொல் "பெராகா", அதாவது ஆசீர்வாதம். இருபது வருடத்துக்கு மேலாக இருவரையும் பிரித்துவைத்தது எது? 27-ஆம் அதிகாரத்தில் இவன் தந்திரமாக எடுத்துக்கொண்ட அதே பெராகா. இப்போது அந்தச் சொல்லாலேயே "என் ஆசீர்வாதத்தை வாங்கிக்கொள்" என்று அண்ணனிடம் கெஞ்சுகிறான். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிறவனாக நிற்கிறான். இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். ஏசாவோ, ஓடிவந்து கட்டிப்பிடித்து அழுத பிறகுதான் "எனக்கு எதிர்கொண்டுவந்த அந்த மந்தையெல்லாம் என்னத்துக்கு?" என்று கேட்கிறான்.

கேள்வி: நீதிமொழிகள் 21:14 "அந்தரங்கமாய்க் கொடுக்கப்பட்ட வெகுமதி கோபத்தைத் தணிக்கும்" என்கிறதே. மறைவாகக் கொடுக்கலாம் என்றுதானே அர்த்தம்?

பாதியை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். மறுபாதி: "மடியிலுள்ள பரிதானம் குரோதத்தை ஆற்றும்." முதல் பாதியில் மத்தான், இரண்டாவதில் ஷோகாத். ஒரே மூச்சில் இரண்டு சொல்லையும் வைத்து, மறைவாகப் போகும் வெகுமதி எவ்வளவு சீக்கிரம் பரிதானமாகிவிடும் என்று காட்டுவதாகத்தான் நான் வாசிக்கிறேன். 17:23-லும் அதே மடி வருகிறது: நீதியின் வழியைப் புரட்டத் துன்மார்க்கன் மடியிலுள்ள பரிதானத்தை வாங்குவான். எபிரெயத்தில் அது மார்பருகே மடித்துவிட்ட உடையின் மடிப்பு. நமக்கு வேட்டி மடிப்பு. பணத்தை மடியில் செருகுவது எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது போலும்.

கேள்வி: ஒரு அலுவலகத்தில் எங்கள் நிலத்துக்குப் பட்டா மாற்றம் ஒரு வருடமாக நிற்கிறது. "கவனித்தால் முடியும்" என்கிறார்கள். 18:16-ஐ நம்பிக் கொடுக்கலாமா?

தம்பி, உங்கள் அலைச்சல் புரிகிறது. ஆனாலும் இந்த வசனத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள். அந்த வேலைக்காகத்தான் அவருக்குச் சம்பளம். உங்களுக்குச் சேர வேண்டியதை நிறுத்திவைத்து விலை கேட்கிறார். வெகுமதி கேட்டு வாங்கப்படுவதில்லை.

பவுலை நினைத்துக்கொள்ளுங்கள். செசரியாவில் தேசாதிபதி பேலிக்ஸ் காவலில் இருந்த அவரை அடிக்கடி கூப்பிட்டுப் பேசினான். விடுதலை செய்யப் பணம் கொடுப்பார் என்று எதிர்பார்த்தான் என்று அப்போஸ்தலர் 24:26 ஒளிக்காமல் சொல்கிறது. எருசலேமுக்குத் தர்மப்பணம் கொண்டுவந்ததாகப் பவுல் அவன் முன்னாலேயே சொல்லியிருந்தார். கொடுக்கவில்லை. இரண்டு வருடம் காவலிலேயே இருந்தார்.

சட்டமும் தெரிந்துகொள்ளுங்கள். 1988-ஆம் வருட ஊழல் தடுப்புச் சட்டம் 2018-ல் திருத்தப்பட்ட பிறகு, லஞ்சம் கொடுப்பதும் நேரடிக் குற்றம். வற்புறுத்தலால் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால்தான் பாதுகாப்பு. கொடுக்கும் முன்பே லஞ்ச ஒழிப்புத் துறைக்குச் சொல்வது நல்லது.

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. பெற்றோர் பலகாரம், பழம் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். வாங்கலாமா?

என் அப்பாவும் வாத்தியார்தான். முழுப்பரீட்சைக்கு முந்தின வாரம் ஒரு பையனின் தகப்பனார் சாக்கில் அரை மூட்டை நிலக்கடலை கொண்டுவந்து திண்ணையில் இறக்கினார். அப்பா சாக்கின் வாயைக்கூட அவிழ்க்கவில்லை. "அண்ணாச்சி, இப்போ இதை வாங்கினா, உங்க பையன் பேப்பரை எடுக்கும்போது கடலை ஞாபகம் வரும். தூக்கிட்டுப் போங்க" என்றார். வந்தவர் முகம் வாடிப்போனது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இரண்டு வருடம் கழித்து, பையன் வேறு பள்ளிக்கூடம் போன பிறகு, அதே மனிதர் அதே மாதிரிச் சாக்கோடு வந்தார். அப்பா எழுந்துபோய் இறக்கிவைக்கக் கைகொடுத்தார். அம்மா அன்றைக்கே ஒரு படி கடலையை அவித்து எல்லோருக்கும் கொடுத்தார். வெறும் சாக்கைத் திருப்பக் கூடாது என்று எங்கள் மரத்துத் தேங்காய் நாலைப் போட்டு அனுப்பினார்.

மதிப்பெண் உங்கள் கையில் இருக்கும்வரை வேண்டாம் அம்மா. ஒரு பிள்ளை கையில் கொண்டுவரும் பிறந்தநாள் மிட்டாயை நான் இதில் சேர்க்கவில்லை.

கேள்வி: ஊழியக்காரருக்குக் காணிக்கை கொடுத்தால் ஜெபம் விசேஷமாகக் கேட்கப்படுமா?

கேட்கப்படாது. குஷ்டரோகம் நீங்க எலிசா தீர்க்கதரிசியிடம் வந்த படைத்தலைவன் நாகமான் பத்துத் தாலந்து (எடை அளவு) வெள்ளியும் 6,000 சேக்கல் பொன்னும் பத்து மாற்று வஸ்திரங்களும் கொண்டுவந்தான். சுகமான பிறகு எவ்வளவோ வருந்தியும் எலிசா தொடவில்லை. பின்னாலே ஓடிப்போய் வாங்கின எலிசாவின் வேலைக்காரன் கேயாசிக்கு நாகமானின் குஷ்டரோகம் வந்தது. ஊழியத்தைத் தாங்குவது வேறு, அதற்குக் குறை வைக்காதீர்கள்.

கேள்வி: கொடுக்க ஒன்றுமே இல்லாதவன் என்ன செய்வான் ஐயா? அவனுக்கு வழியே கிடையாதா?

இதே அதிகாரத்தில் ஏழு வசனம் தள்ளி, 23-ஆம் வசனத்தில் அவன் வருகிறான்: "தரித்திரன் கெஞ்சிக் கேட்கிறான்; ஐசுவரியவான் கடினமாய் உத்தரவுகொடுக்கிறான்." வெகுமதியோடு போனவனுக்கு இடம் அகலமாகிறது, வெறுங்கையோடு போனவனுக்குக் கடின வார்த்தை கிடைக்கிறது. ஞானி இரண்டையும் எழுதி வைத்தார். உங்கள் கேள்வியை அவரும் உணர்ந்திருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இதற்கான பதில் உபாகமம் 10:17-லும் 18-லும் இருக்கிறது. தேவாதி தேவன், கர்த்தாதி கர்த்தர் என்று பெரிய பெரிய பட்டங்களாக அடுக்கிவிட்டு, அவர் பட்சபாதம் பண்ணுகிறவரும் அல்ல, பரிதானம் வாங்குகிறவரும் அல்ல என்கிறது. எல்லாப் பெரியோருக்கும் பெரியவரின் வாசலில் வெகுமதி செல்லாது. அடுத்த வரியிலேயே அவர் யாருக்கு நியாயம் செய்கிறார், யார்மேல் அன்புவைக்கிறார் என்று பெயர் சொல்லி வருகிறது: திக்கற்ற பிள்ளை, விதவை, அந்நியன். மூன்று பேரும் கையில் ஒன்றும் இல்லாமல் வருகிறவர்கள்.