எதிர்ப்பு வந்தா சரியான பாதையில போறோம்னு அர்த்தமா? – ஒரு கடிதமும் பதிலும்

அண்ணாவுக்கு ஸ்தோத்திரம்.

நான் நாமக்கல் பக்கம் லாரி பாடி கட்டுற பட்டறையில வேலை பாக்குறேன். வாடகை வீட்லதான் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஜெபக்கூட்டம் வைக்கிறோம், ஏழெட்டு குடும்பம் வரும். போன மாசம் ஒரு கும்பல் வந்து மதம் மாத்துறீங்களான்னு வாசல்ல நின்னு சத்தம் போட்டு, ஒரு அம்மா கையில இருந்த பைபிளைப் பிடுங்கி ரோட்ல வீசிட்டுப் போயிட்டாங்க. ஹவுஸ் ஓனர் காலி பண்ணச் சொல்லிட்டாரு. எங்க பாஸ்டரே ‘எதுக்கு தம்பி வம்பு, கொஞ்ச நாள் நிறுத்தி வைங்க’ன்றாரு. யூட்யூப்ல ஒரு ஊழியக்காரர், எதிர்ப்பு பெருகினா நீ சரியான பாதையில இருக்கேன்னு அர்த்தம், இன்னும் சத்தமா பாடுன்னு சொல்றாரு. ஒண்ண மறைக்கல, பக்கத்து வீட்டுக்காரங்க மைக் சத்தத்தைப் பத்தி முன்னாடியே ரெண்டு தடவை சொல்லியிருக்காங்க. என் வீட்டுக்காரி ரொம்ப பயந்துட்டா, அம்மா வீட்டுக்குப் போறேன்றா. நான் யார் சொல்றதக் கேக்குறது? இவளை எப்படி தைரியப்படுத்துறது?

(பெயர் வேண்டாம்னு கேட்டிருக்கார்.)

*

அன்புள்ள தம்பி,

உங்க கடிதத்த ரெண்டு மூணு தடவை படிச்சேன். வேதத்தைப் பிடுங்கி ரோட்ல வீசினாங்கன்ற இடத்துல மனசு ரொம்ப வலிச்சது. அந்த அம்மா இப்ப எப்படி இருக்காங்கன்னு நீங்க எழுதல, அவங்கள முதல்ல போய்ப் பாருங்க.

பாஸ்டர் சொல்றதையும் யூட்யூப் ஊழியக்காரர் சொல்றதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா, ரெண்டு பேருமே ஒரு கேள்வியத் தாண்டிப் போறாங்கன்னு எனக்குத் தோணுது. எதிர்ப்பு எதுக்காக வந்துச்சு? அதக் கேக்காம ஒருத்தர் நிறுத்துங்கன்றாரு, ஒருத்தர் சத்தத்தக் கூட்டுன்றாரு. பேதுரு தன்னோட முதல் நிருபத்துல நாலாம் அதிகாரத்துல இதப் பிரிச்சே சொல்லிட்டாரு, கிறிஸ்தவனா இருக்கிறதுக்காகப் பாடுபட்டா வெக்கப்படாதீங்க, ஆனா திருடனாவோ அடுத்தவன் காரியத்துல தலையிடுறவனாவோ பாடுபடாதீங்கன்னு. அதாவது கிறிஸ்தவனுக்கு வர்ற எல்லா அடியும் சிலுவை இல்ல.

நான் லுத்தரன் சபையில வளந்தவன், எங்களுக்குத் தரங்கம்பாடிதான் ஆரம்பம், அதனால இந்த மாதிரி கேள்வி வந்தா என் மனசு ஜெர்மனியில இருந்து வந்த மிஷனரி சீகன்பால்க்கிட்டதான் போகும். 1706 ஜூலை 9 அவரும் கூட வந்த மிஷனரி ப்ளூட்சோவும் தரங்கம்பாடியில இறங்கினாங்க. டென்மார்க் ராஜா நாலாம் பிரெடரிக் அனுப்பின ஆளுங்க, சீகன்பால்க்குக்கு அடுத்த நாள்தான் 24 வயசு முடியுது. பள்ளிக்கூடத்துல நாம படிச்சப்ப, பாவம் அவருக்கு எவ்வளவு கஷ்டம்னு சொல்லுவாங்களே தவிர, கஷ்டம் குடுத்தது யாருன்னு அழுத்திச் சொல்லமாட்டாங்க. முதல் எதிர்ப்பு ஊர்க்காரங்க கிட்ட இருந்து வரல தம்பி. அவர மாதிரியே ஞானஸ்நானம் வாங்கின, ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போற, தரங்கம்பாடிய அப்ப கையில வச்சிருந்த டேனிஷ் வியாபாரக் கம்பெனிக்காரங்க கிட்ட இருந்து வந்துச்சு. கோட்டைக் கமாண்டர் ஹாசியஸ் வந்த அன்னைக்கே அவங்கள முகங்குடுத்துப் பேசாம வெளியில நிக்க வச்சாரு. கம்பெனிக்கு வியாபாரம் நடக்கணும், நடுவுல இந்தப் பாதிரிங்க எதுக்குன்ற எண்ணம். 1707 மே மாசம் முதல் ஞானஸ்நானம் வாங்கின அஞ்சு பேர் யாருன்னு நெனைக்கிறீங்க? டேனிஷ்காரங்க வீட்டு அடிமைங்க. எஜமானுக்கு எரிச்சல் வராம இருக்குமா.

1708 நவம்பர்ல அவரப் பிடிச்சு டேன்ஸ்போர்க் கோட்டையில அடைச்சாங்க, நாலு மாசம். காரணம்தான் முக்கியம். ஒரு ஏழைத் தமிழ் விதவை, புருஷன் விட்டுட்டுப் போன கடன் விஷயமா ஒரு வழக்கு, எதிராளி கம்பெனியில மொழிபெயர்ப்பு வேலை பாத்தவரு. அந்தம்மாவுக்கு நியாயம் கிடைக்கலன்னு இவர் திரும்பத் திரும்பப் போய்க் கேட்டாரு, கமாண்டருக்கு அது கலகமா தெரிஞ்சுது. இத நான் எதிர்ப்புன்னு ஒத்துக்குவேன். இதுக்காக ஜெயிலுக்குப் போனா வெக்கப்பட வேண்டியதில்ல, பேதுரு சொல்ற முதல் வகை இதுதான். உள்ள இருந்த நாள்லயும் அவர் எழுதினாரு, வெளிய வந்து விட்ட இடத்துல இருந்து தொடர்ந்தாரு. அந்தக் கோட்டை இன்னும் கடற்கரையில நிக்குது, மியூசியமா வச்சிருக்காங்க, ஒரு லீவு நாள்ல குடும்பத்தோட போய்ட்டு வாங்க.

ஆனா அதே சீகன்பால்க் வந்த புதுசுல ஒரு கோயிலுக்குப் போய் அங்க இருந்த சிலைங்க சிலதத் தள்ளிவிட்டு சிலதோட தலையை உடைச்சாரு. அவரே எழுதி வச்சிருக்காரு. பக்கத்துல இருந்த ஒரு வாத்தியார், இதெல்லாம் சாமி இல்ல, சாமியோட காவக்காரங்கன்னு அவருக்கு விளக்கம் சொன்னாராம். யோசிச்சுப் பாருங்க, ஒரு வெளிநாட்டு வாலிபன் வந்து கும்பிடுற இடத்துல கைய வைக்கிறான், அந்த மனுஷன் நிதானமா விளக்கம் சொல்றாரு. அன்னைக்கு ஊர் திரண்டு வந்து நாலு சாத்து சாத்தியிருந்தா அதப் போய் சுவிசேஷத்துக்காகப் பட்ட பாடுன்னு யாராவது சொல்ல முடியுமா? ஆளு ஒண்ணுதான், ஊழியமும் ஒண்ணுதான், ஒரு இடத்துல அவர் பட்டது கர்த்தருக்காக, இன்னொரு இடத்துல வாங்கியிருந்தா அது தன் துடுக்குத்தனத்துக்காக.

அவர் அங்கயே நின்னுடல, அதனாலதான் எனக்கு அவர் மேல இவ்வளவு மரியாதை. சின்னப் பிள்ளைங்களோட உக்காந்து மண்ணுல விரல் வச்சு எழுத்து படிச்சாரு. ஓலைச்சுவடிகளா தேடித் தேடிச் சேத்து, ரெண்டே வருஷத்துல உலகநீதி, கொன்றைவேந்தன், நீதிவெண்பா மூணையும் ஜெர்மன்ல மொழிபெயர்த்தாரு. இந்த ஜனங்கள காட்டுமிராண்டின்னு ஐரோப்பாவுல நெனைக்கிறாங்க, நானும் அப்படித்தான் நெனச்சேன், இவங்க பாஷையக் கத்துக்கிட்டப்புறம்தான் புரிஞ்சுதுன்னு வெளிப்படையா எழுதினாரு. அப்புறம் 1712 வாக்குல ஒரு காரியம் பண்ணாரு, அதத்தான் உங்களுக்குச் சொல்லணும்னு இவ்வளவு நேரம் சுத்தி வர்றேன். தமிழ் ஆளுங்க கிட்ட கேள்விகள எழுதி அனுப்பி, நீங்க என்ன நம்புறீங்க, எங்களப் பத்தி என்ன நெனைக்கிறீங்கன்னு கேட்டு பதில் கடிதம் வாங்கினாரு. அவங்களும் ஒளிவு மறைவு இல்லாம எழுதினாங்க, கிறிஸ்தவங்க குடிக்கிறாங்க, பசு மாமிசம் சாப்பிடுறாங்க, குளிச்சு சுத்தமா இருக்கிறதில்ல, சொல்றது ஒண்ணு நடக்கிறது ஒண்ணுன்னு. அவர் அதக் கிழிச்சுப் போடல. ஜெர்மன்ல மொழிபெயர்த்து, ஜெர்மனியில இருக்கிற ஹாலே ஊருக்கு அனுப்பினாரு, அங்க அச்சாச்சு. தன்னைப் பத்தின குறைய தானே தன் ஆளுங்களுக்குப் படிக்கக் குடுக்கிறதுக்கு எவ்வளவு பெரிய மனசு வேணும்.

இப்ப உங்க தெருவுக்கு வருவோம். உங்களுக்கு வந்தது ஒரு எதிர்ப்பு இல்ல, ரெண்டு. பக்கத்து வீட்டுக்காரங்க சொன்னது ஒண்ணு, கும்பல் பண்ணது ஒண்ணு. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கட்டினதுலதான் உங்களுக்கு இவ்வளவு குழப்பம்.

மைக் விஷயத்துல அவங்க சொல்றது நியாயம். ஏழெட்டு குடும்பம் உக்கார்ற ஹால்ல ஸ்பீக்கர் எதுக்கு? சென்னையில கேகேஆர் மெஜெஸ்டிக் காலனியில ஒரு சபைக்கு எதிரா இதே சத்தப் பிரச்சனையில கேஸ் நடந்து, 2000-ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. அடுத்தவங்க நிம்மதியக் கெடுத்துத்தான் ஜெபம் பண்ணணும்னு எந்த மதமும் சொல்லலன்னு தீர்ப்பாச்சு. அத நம்ம ஆளுங்க சில பேர் தோல்வியா பாக்குறாங்க, நான் அப்படிப் பாக்கல. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை, நைட் ஷிப்ட் முடிஞ்சு தூங்குற மனுஷன், பிரஷர் இருக்கிற பெரியவங்க, இவங்க எல்லாம் ‘பிறன்’ தானே, இவங்கள நேசிக்கச் சொல்லித்தானே கர்த்தர் சொன்னாரு. ஸ்பீக்கர எடுத்து வச்சிடுங்க. அத எடுத்துட்டு நீங்களே அந்த வீட்டுக்குப் போய், ‘அண்ணே நீங்க சொன்னப்பவே நாங்க கேட்டிருக்கணும், மன்னிச்சுக்கங்க, வேற எதாவது தொந்தரவு இருந்தா சொல்லுங்க’ன்னு கேளுங்க. சொல்றத உக்காந்து கேளுங்க, பதிலுக்கு சாட்சி சொல்ல ஆரம்பிச்சிடாதீங்க. சீகன்பால்க் கடிதம் போட்டுக் கேட்டாரு, நீங்க நாலு அடி நடந்து போய்க் கேட்டா போதும்.

கும்பல் பண்ணது வேற. அது நியாயம் இல்ல, அதுக்கு பயந்து நிறுத்த வேண்டியதும் இல்ல. அரசியல் சட்டம் 25-வது பிரிவுல மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் ஒவ்வொருத்தருக்கும் உரிமை இருக்கு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரத்துக்கு உட்பட்டு. அதே பிரிவைப் பத்தி 1977-ல சுப்ரீம் கோர்ட் சொன்னதையும் தெரிஞ்சுக்கங்க, நம்பிக்கைய எடுத்துச் சொல்ல உரிமை உண்டு, இன்னொருத்தரை மதம் மாத்துறது உரிமை ஆகாதுன்னு. நீங்க எடுத்துச் சொல்றவர்தானே. ஜெபத்துக்கு வந்தா அரிசி தர்றோம், பீஸ் கட்டுறோம்னு யாராவது உங்க கூட்டத்துல பேசியிருந்தா அத இன்னைக்கே நிறுத்துங்க, ஏழைக்கு உதவணும்னா ஜெபத்துக்கு வராதவனுக்கும் சேத்து உதவுங்க. அப்படி எதுவும் இல்லன்னா ஸ்டேஷன்ல போய் நடந்தத நடந்தபடி எழுதிக் குடுங்க, கூட்டியும் சொல்லாம குறைச்சும் சொல்லாம, சிஎஸ்ஆர் காப்பி, அதாவது புகார் வாங்கிக்கிட்டதுக்கு ஸ்டேஷன்ல தர்ற ரசீது, கேட்டு வாங்குங்க. விசுவாசி கம்ப்ளெயின்ட் குடுக்கலாமான்னு சில பேர் கேப்பாங்க. பவுல் பிலிப்பியில அடி வாங்கி ஜெயில்ல கிடந்துட்டு, காலையில ரகசியமா விட்டுடுறோம்னு சொன்னப்ப போகமாட்டேன்னுட்டாரு, ரோமக் குடிமக்கள விசாரிக்காம அடிச்சவங்க அவங்களே வந்து வெளிய கூட்டிட்டுப் போகட்டும்னாரு. அது பழிவாங்குறது இல்ல. நாளைக்கு அந்த ஊர்ல இருக்கப்போற மத்த விசுவாசிங்களுக்கு ஒரு பாதுகாப்பு.

வீடு விஷயத்துல ஓனரோட சண்டை போடாதீங்க, அவருக்கும் பயம் இருக்கும். வேற இடம் கிடைக்கிற வரைக்கும் ஒவ்வொரு வாரம் ஒவ்வொருத்தர் வீட்ல கூடுங்க, ரெண்டு ரெண்டு குடும்பமா கூட கூடலாம். ஆதி சபை வீடுகள்லதான் கூடுச்சு.

பாஸ்டர் மேல கோபப்படாதீங்கன்னு தனியா ஒரு வரி சொல்லணும். கூட இருக்கிறவங்களே நிறுத்துன்னா அது வெளிய இருந்து வர்றத விட வலிக்கும். சீகன்பால்க்குக்கும் கடைசி அடி அப்படித்தான் விழுந்துச்சு. நம்ம ஊர் இந்து தெய்வங்களப் பத்தி அவர் கஷ்டப்பட்டு எழுதி 1713-ல அனுப்பின கையெழுத்துப் பிரதிய, உன்னை அனுப்பினது அஞ்ஞானத்த ஒழிக்கத்தானே, அத ஐரோப்பாவுல பரப்பவான்னு சொந்த குருமாருங்களே ஒதுக்கி வச்சாங்க, 1867-லதான் அது அச்சாச்சு. கோப்பன்ஹேகன்ல மிஷன் காரியதரிசியா இருந்த வெண்ட், அப்போஸ்தலர் மாதிரி ஊர் ஊரா போகாம கோயில், பள்ளிக்கூடம்னு எதுக்குக் கட்டுறேன்னு கடுமையா எழுதினாரு. உடம்பு ஏற்கனவே தளர்ந்திருந்த மனுஷன், 1719 பிப்ரவரி 23 இறந்தப்ப 36 வயசு. புதிய ஏற்பாட்டத் தமிழ்ல அச்சடிச்சு முடிச்சு, பழைய ஏற்பாட்டுல ரூத் வரைக்கும் வந்திருந்தாரு. உங்க பாஸ்டர் அப்படிப்பட்டவர் இல்ல, உங்க மேல இருக்கிற அக்கறையில பயப்படுறாருன்னு உங்க கடிதத்துலயே தெரியுது. நேர்ல போய் மைக்க எடுத்தத, பக்கத்து வீட்ல பேசினத எல்லாம் சொல்லுங்க, ஒரு வாரம் எங்களோட வந்து உக்காருங்கன்னு கூப்பிடுங்க.

உங்க வீட்டுக்காரம்மா விஷயம். தைரியப்படுத்துறது எப்படின்னு கேட்டிருக்கீங்க. தைரியப்படுத்தாதீங்க தம்பி. அவங்க பயப்படுறது அவிசுவாசம் இல்ல, வாசல்ல அத்தனை பேர் நின்னு கத்தினா யாருக்கும் பயம் வரும், அதுவும் நீங்க பட்டறைக்குப் போயிட்டா நாள் முழுக்க அந்த வாசல்ல இருக்கப்போறது அவங்கதான். அம்மா வீட்டுக்குப் போறேன்னா கூட்டிட்டுப் போய் விட்டுட்டு வாங்க, எப்ப வர்றேன்னு நாள் குறிக்கச் சொல்லாதீங்க. அடுத்த கூட்டத்த எங்க வைக்கிறது, எத்தனை பேர கூப்பிடுறதுன்றத அவங்க கிட்ட கேட்டு முடிவு பண்ணுங்க. இப்ப நம்ம வீட்ல வேண்டாம்னு சொன்னாங்கன்னா, சரின்னு கேட்டுக்கங்க.

அன்புடன்,
அண்ணன்