காயில் போயிடுச்சா? பழைய ஏடிவி வைத்திருப்பவர்களின் கேள்விகள்

கேள்வி: பண்ணையில் ஓடும் பழைய ஹோண்டா ஃபோர்ட்ராக்ஸ் 300 ஏடிவி (கரடுமுரடான இடங்களில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி). காலையில் உடனே ஸ்டார்ட் ஆகிறது. அரை மணி நேரம் ஓடியதும் நின்றுவிடுகிறது. ஆறினால் மறுபடி ஓடுகிறது. இக்னிஷன் காயிலை மாற்றிவிடலாமா?

பதில்: பிளக்கில் பொறி வர உயர் வோல்ட் தருவது காயில்தான், அதன் மேல் சந்தேகம் வருவது நியாயம்தான். ஆனால் காசு செலவழிக்கும் முன், அடுத்த முறை நின்றவுடன் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போய், சற்று நேரத்தில் வண்டி கிளம்பினால் மூடியின் காற்றுத் துளைதான் அடைத்திருக்கிறது. இதற்காகப் பாவம், எத்தனை நல்ல காயில்கள் குப்பைக்குப் போகின்றனவோ!

மூடி சரி என்றால், சூடு ஆறுவதற்குள் பிளக்கைக் கழற்றி, வயர் முனையிலுள்ள பிளக் கேப்பில் செருகி, உலோகப் பகுதியை இன்ஜினில் ஒட்டிவைத்து செல்ஃப் அடியுங்கள். பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும், அதனால் தள்ளிப் பிடியுங்கள். பொறி நீலமாகச் சடசடத்தால் கோளாறு பெட்ரோல் பக்கம். பொறியே இல்லை, ஆறியபின் வருகிறது என்றால் காயிலுக்குள் மெல்லிய கம்பி எங்கோ விட்டிருக்கலாம். குளிரில் தொட்டுக்கொண்டிருக்கும் முனைகள் சூட்டில் விலகும். சிடிஐ யூனிட்டும் (பொறிக்கான மின்சாரத்தைச் சேமித்து காயிலுக்கு அனுப்பும் மின்னணுப் பெட்டி) மேக்னட் பக்கத்துக் காயில்களும் இதே சேட்டையைச் செய்யும். பிரித்தறிய ஒரு வழி உண்டு: குளிர்ந்த வண்டியை ஐடிலில் ஓடவிட்டு, ஹேர் டிரையரால் காயிலை மட்டும் சூடாக்குங்கள். வண்டி நின்றால் ஆள் அகப்பட்டான்.

கேள்வி: மல்டிமீட்டரில் ஓம் அளவு சரியாக இருக்கிறது. ஆனாலும் பொறி மஞ்சளாக, மங்கலாக வருகிறது. மீட்டரை நம்புவதா, கண்ணை நம்புவதா?

பதில்: கண்ணை. மீட்டர் அனுப்புவது சில வோல்ட். காயில் தர வேண்டியது பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல். அந்த அழுத்தத்தில்தான் இன்சுலேஷன் விரிசல் வழியாகக் கரண்ட் கசியும். மீட்டருக்கு அது தெரியவே தெரியாது. இருட்டில் இன்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள், கசிந்தால் வயரோரம் நீலமாக மினுக்கும்.

அளக்கும்போது பிளக் கேப்பைத் திருகிக் கழற்றிவிடுங்கள். பல கேப்களில் 5 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கும், அது கணக்கைக் குழப்பும். சிடிஐ வண்டிக் காயிலில் பிரைமரி (மின்சாரம் உள்ளே வரும் கம்பிச் சுருள்) பெரும்பாலும் ஒரு ஓமுக்குள், செகண்டரி (பிளக்குக்கு உயர் வோல்ட் தரும் சுருள்) சில கிலோ ஓம். உங்கள் மாடலின் சரியான எண்ணுக்கு சர்வீஸ் மேனுவலைத்தான் பார்க்க வேண்டும். அப்புறம், எர்த். பல வண்டிகளில் காயிலின் இரும்புப் பகுதி சேஸியில் போல்ட் ஆகும் இடம்தான் எர்த். அங்கே துருவும் பெயின்ட்டும் இருந்தால் புதுக் காயிலும் மங்கும். சுரண்டிவிட்டு மாட்டுங்கள்.

கேள்வி: யமஹா பான்ஷீயில் ஒரு சிலிண்டர் மட்டும் அடிக்கவில்லை. காயில் பாதி போயிருக்குமோ?

பதில்: இரண்டு சிலிண்டருக்கும் ஒரே காயில், இரண்டு வயர், ஒரே நேரத்தில் பொறி. அதனால் வயர்களை இடம் வலமாக மாற்றிப் போட்டாலும் டைமிங் கெடாது. மாற்றிப் பாருங்கள். கோளாறு மறுபக்கம் தாவினால் அந்த வயர் அல்லது கேப். தாவாவிட்டால் பிளக், கார்புரேட்டர், கம்ப்ரெஷன். செகண்டரியை அளப்பதும் இதில் இரண்டு வயர்களுக்கு நடுவில்தான்.

கேள்வி: பொறி துளியும் இல்லை.

பதில்: முதலில் கில் ஸ்விட்ச், அதாவது இன்ஜினை நிறுத்தும் ஸ்விட்ச். எர்த் கொடுத்து நிறுத்தும் வகை என்றால் அந்த வயரை மட்டும் கழற்றிவிட்டு அடித்துப் பாருங்கள். மின்சாரத்தைத் துண்டித்து நிறுத்தும் வகை என்றால் கழற்றுவது உதவாது, ஸ்விட்ச் வழியே வோல்ட் போகிறதா என்று அளக்க வேண்டும். கொட்டகையில் நிற்கும் வண்டி என்றால் எலி கடித்த வயரையும் தேடுங்கள்.

கேள்வி: ஒரிஜினல் கிடைக்கவில்லை. பைக் ஸ்பேர் கடையில் கிடைக்கும் ஏதாவது காயிலைப் போடலாமா?

பதில்: சிடிஐ வண்டிக்கு சிடிஐ காயில் என்றால் பெரும்பாலும் ஓடும்; மவுண்ட், டெர்மினல், ஓம் அளவு ஒத்துப்போக வேண்டும். பாயின்ட் (திறந்து மூடும் தொடுமுனை) அல்லது டிரான்ஸிஸ்டர் இக்னிஷன் வண்டிக்கு சிடிஐ காயிலைப் போடாதீர்கள். அங்கே பிரைமரியில் பேட்டரி கரண்ட் நேராக ஓடும். ஓம் குறைவாக இருந்தால் கரண்ட் எகிறி டிரான்ஸிஸ்டர் கருகும். மாட்டும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள், பழைய வயர் எங்கே இருந்தது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், பிளக் வயரை சைலன்சரில் படாமல் கொண்டுபோங்கள்.