பிரச்சினை குழந்தைக்கு, பயிற்சி எதற்குப் பெற்றோருக்கு?

கேள்வி: எங்கள் மகனுக்கு நான்கு வயது. பேச்சு குறைவு. நினைத்தது நடக்காவிட்டால் தரையில் விழுந்து கத்துகிறான், கடிக்கிறான். ஆட்டிசமா, ஏடிஹெச்டி எனும் கவனக்குறைவு-துறுதுறுப்புக் கோளாறா, வேறு ஏதாவதா என்று மதிப்பீடு இன்னும் முடியவில்லை. அதற்குள் மருத்துவர் எங்கள் இருவரையும் பெற்றோர் பயிற்சிக்குப் போகச் சொல்கிறார். எங்கள் வளர்ப்பு சரியில்லை என்கிறாரா? போகத்தான் வேண்டுமா?

பதில்:

வளர்ப்பைக் குறை சொல்லவில்லை. போங்கள், முடிந்தால் இருவரும் சேர்ந்தே போங்கள்.

என் மகளுக்கு ஆட்டிசம் உண்டு. எங்களையும் முதலில் இப்படித்தான் அனுப்பினார்கள், எங்களுக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. அந்தக் கோபம் நியாயமானது என்றே இன்றும் நினைக்கிறேன். பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய ஒரு காலம் இந்தத் துறையில் நிஜமாகவே இருந்தது. 1943-இல் லியோ கானர் என்ற குழந்தை மனநல மருத்துவர் ஆட்டிசத்தை விரிவாக எழுதியபோதே பெற்றோரின் பாசக்குறைவைப் பற்றியும் சேர்த்து எழுதிவைத்தார். 1960-களில் புரூனோ பெட்டல்ஹைம் என்ற உளவியல் எழுத்தாளர் அதை இன்னும் ஊதிப் பெருக்கினார். அம்மாவின் மனம் உறைந்துகிடப்பதால்தான் குழந்தை இப்படி ஆகிறது என்ற பேச்சால் ஒரு தலைமுறைத் தாய்மார்கள் நொந்துபோனார்கள். பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர், அவரே ஆட்டிசம் உள்ள மகனின் அப்பா, 1964-இல் அதை எதிர்த்து எழுதினார். 1977-இல் வந்த இரட்டையர் ஆய்வு மரபணுவின் பங்கைக் காட்டியது. இன்று விவரம் தெரிந்த எவரும் அந்தப் பழைய கதையைச் சொல்வதில்லை. உங்கள் மருத்துவரும் அதைச் சொல்லவில்லை.

அப்புறம் எதற்குப் பயிற்சி? தெரபிஸ்டின் அறையில் குழந்தை இருப்பது வாரத்துக்கு ஒன்றிரண்டு மணிநேரம். மற்ற நேரமெல்லாம் உங்களோடு. குளிப்பது, உடுத்துவது, விளையாட்டை நிறுத்திவிட்டுக் கிளம்புவது என்று அடம் பிறக்கிற இடங்களெல்லாம் வீட்டில்தான் இருக்கின்றன. அங்கே யாருக்குக் கற்றுக்கொடுத்தால் பலன் என்பதுதான் கணக்கு.

இன்னொரு காரணம், அடம் வளரும் விதம். ஜெரால்ட் பாட்டர்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைக் குடும்பங்களின் வீட்டுக்கே ஆள் அனுப்பிக் கவனித்து எழுதினார். குழந்தை போனைக் கேட்கிறது, நாம் இல்லை என்கிறோம், அது கத்துகிறது, தாங்க முடியாமல் கொடுத்துவிடுகிறோம். கத்தினால் கிடைக்கும் என்று குழந்தை கற்றுக்கொண்டது. கொடுத்தால் வீடு அமைதியாகும் என்று நாமும் கற்றுக்கொண்டோம். இதில் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அடுத்த முறை கத்தல் இன்னும் சீக்கிரம் ஆரம்பிக்கும். பேச்சு குறைவான குழந்தை என்றால் இந்தச் சுழல் இன்னும் வேகமாகச் சுற்றும், அதனிடம் வேறு வழி குறைவு என்பதால்.

பயிற்சியில் முதலில் உங்களை எழுதச் சொல்வார்கள். கடிப்பதற்கு முன் என்ன நடந்தது, எப்படிக் கடித்தான், உடனே நீங்கள் என்ன செய்தீர்கள். பள்ளிக்கூட வீட்டுப்பாடம் மாதிரி இருக்கும், அலுப்பாகவும் இருக்கும். ஆனால் என்னைக் கேட்டால் முழுப் பயிற்சியிலும் விலைமதிப்புள்ள பகுதி அதுதான். ஒரே கடி நான்கு காரணங்களுக்காக வரலாம்: ஒரு பொருள் வேண்டும், ஒரு வேலையிலிருந்து தப்ப வேண்டும், யாராவது தன்னைக் கவனிக்க வேண்டும், அல்லது கடிக்கும்போது வாயில் கிடைக்கும் அந்த உணர்வே அவனுக்குத் தேவைப்படுகிறது. என் மகள் தலைமுடியைப் பிடித்து இழுப்பாள். கவனத்துக்காகச் செய்கிறாள் என்றே வீட்டில் எல்லோரும் சொன்னோம். எழுதிப் பார்த்தால், அவளுக்குப் பிடிக்காத வேலை ஒன்று தொடங்கும்போதெல்லாம் இழுத்திருக்கிறாள். இழுத்ததும் தண்டனையாக மூலையில் உட்காரவைப்போம். வேலையும் நின்றுவிடும். அவள் கேட்டதே அதைத்தான்!

காரணம் தெரிந்தால் பதிலும் மாறும். தப்பிக்கக் கடிக்கிறவனுக்கு ‘போதும்’ என்று காட்ட ஒரு படஅட்டை கொடுத்து, அட்டையைக் காட்டியதும் உடனே ஓய்வு தர வேண்டும். அட்டையும் சைகையும் பழகினால் பேச்சு வராது என்று யாராவது பயமுறுத்துவார்கள். ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. பல குழந்தைகளுக்குப் பேச்சுக்கே அவை உதவியாக இருக்கின்றன.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கத்தலுக்குப் போன் கொடுப்பதை நிறுத்தினால் முதலில் கத்தல் குறைவதற்குப் பதில் கூடவும் செய்யலாம். பழைய வழி ஏன் வேலை செய்யவில்லை என்று இன்னும் பலமாக முயன்று பார்ப்பான். ‘பயிற்சி எடுத்ததும் மோசமாகிவிட்டான்’ என்று பல பெற்றோர் விட்டுவிடுவது இந்தக் கட்டத்தில்தான். பாதியில் கொடுத்துவிட்டால், எவ்வளவு நேரம் கத்த வேண்டும் என்பதையும் நாமே சொல்லிக்கொடுத்ததாகிவிடும்.

சில பயிற்சிகளில் நீங்கள் குழந்தையோடு விளையாட, ஒருபக்கக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து தெரபிஸ்ட் உங்கள் காதுக்கருவியில் சொல்லித் தருவார். ஷீலா ஐபெர்க் என்ற உளவியலாளர் 1970-களில் உருவாக்கிய முறை அது. கேள்வி கேட்காமல், கட்டளை இடாமல், குறை சொல்லாமல் ஐந்து நிமிடம் விளையாடிப் பாருங்கள், எவ்வளவு கஷ்டம் என்று புரியும். பிரிட்டனில் நடந்த பாக்ட் ஆய்வில் ஆட்டிசம் உள்ள சிறு குழந்தையோடு பெற்றோர் விளையாடுவதைப் படமெடுத்து, அதையே அவர்களோடு உட்கார்ந்து பார்த்தார்கள். ஆண்டுகள் கழித்து அதே குழந்தைகளைப் பரிசோதித்தபோது ஆட்டிச அறிகுறிகளின் தீவிரம் இந்தப் பயிற்சி கிடைக்காத குழந்தைகளின் குழுவைவிடக் குறைவாக இருந்தது. 2016-இல் வெளியான முடிவு இது. ஏடிஹெச்டி என்றே வந்தாலும் ஆறு வயதுக்குள் மாத்திரைக்கு முன்னால் பெற்றோர் பயிற்சிதான் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டி. உலக சுகாதார நிறுவனத்தின் பெற்றோர் பயிற்சியும் 2 முதல் 9 வயதுக் குழந்தைகளுக்காக, நோயின் பெயர் உறுதியாகும்வரை காத்திருக்கத் தேவையில்லாதபடி அமைக்கப்பட்டது. எனவே மதிப்பீடு முடியட்டும் என்று நாளைக் கடத்த வேண்டாம்.

இதற்காகப் பேச்சுப் பயிற்சியை நிறுத்திவிடாதீர்கள், ஒன்று மற்றொன்றுக்கு மாற்று இல்லை. காது கேட்கும் திறனைப் பரிசோதித்தாயிற்றா என்று கேளுங்கள். பேச்சு குறைவு என்றாலே முதலில் பார்க்க வேண்டியது அது. திடீரென்று கடி அதிகமானால் பல்வலி, காதுவலி, மலச்சிக்கல், தூக்கம் இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத குழந்தை வேறு எப்படிச் சொல்லும்?

எங்கே போவது என்பதில் கொஞ்சம் கறாராக இருங்கள். ஒருநாள் கருத்தரங்கில் உட்கார்ந்து கைதட்டிவிட்டு வருவது பயிற்சி ஆகாது. நல்ல நிபுணர் முதலில் உங்கள் வீட்டு நடைமுறையைக் கேட்பார், நீங்கள் குழந்தையோடு இருப்பதைப் பார்ப்பார், ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் கொடுப்பார், பலன் இல்லையென்றால் திட்டத்தை மாற்றுவார். ‘பெற்றோர் வெளியே இருங்கள், உள்ளே நடப்பதைக் கேட்காதீர்கள்’ என்றால் கிளம்பிவிடுங்கள். முழுதாகக் குணமாக்கித் தருகிறேன் என்றாலும் அப்படியே. உடம்பிலிருந்து உலோகத்தை எடுக்கிறேன் என்று கீலேஷன் பேச்சை எடுத்தால் இன்னும் வேகமாக. 2005-இல் அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ள ஐந்து வயதுக் குழந்தை ஒன்று அந்தச் சிகிச்சையில் இறந்திருக்கிறது.

முதல் சந்திப்பிலேயே ஒன்று கேட்டுவிடுங்கள்: தாத்தா, பாட்டி என்று குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் மற்றவர்களும் ஒரு நாள் வரலாமா? நீங்கள் இருவரும் போனைக் கொடுக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டிருக்க, மூன்றாவது ஆள் அடுத்த அறையில் கொடுத்துவிட்டால் எல்லாம் வீண். நீங்கள் சொன்னால் சண்டை வரும். தெரபிஸ்ட் சொன்னால் பெரும்பாலும் கேட்டுக்கொள்வார்கள்.