கேட்க வேண்டியவள் வீட்டில் இருக்கிறாள்

கேள்வி: எனக்கு 43 வயது. கொட்டாஞ்சேனையில் இருக்கிறோம். 2001இல் நான் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதவிருந்த நேரம் அம்மா பாரிசவாதம் வந்து படுத்துவிட்டார். வீட்டுப் பொறுப்பு என் தலையில் விழுந்தது, பரீட்சைக்குப் போகவில்லை. இப்போது சபையின் பாலர் பாடசாலையில் உதவி ஆசிரியை. புதன் உபவாச ஜெபம், சனிக்கிழமை பாடகர் குழு, ஞாயிறு பாடசாலை எல்லாவற்றிலும் இருக்கிறேன். கணவருக்குப் பழைய சோனகத் தெருவில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. 21 வயது மகன் புறக்கோட்டையில் ஒரு ஃபோன் கடையில் வேலை செய்கிறான். மகள் அடுத்த வருடம் ஏ.எல். எடுக்கிறாள். இந்தப் புதுவருட ஆராதனையில், வருடத்துக்கென்று ஆளுக்கொரு வசனம் அச்சடித்துத் தரும் வாக்குத்தத்த அட்டையில் எனக்கு எரேமியா 29:11 கிடைத்தது. உங்கள்பேரில் நான் நினைத்திருப்பவை தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று கர்த்தர் சொல்லும் வசனம். அன்றிலிருந்து மறுபடியும் படிக்க வேண்டும் என்று உள்ளத்தில் ஒரு ஏவுதல். மூன்று நாள் உபவாசம் இருந்து ஜெபித்தேன். போதகரும் இது தேவசித்தம் என்கிறார், கணவரும் மறுக்கவில்லை. வீட்டு வேலையை மகள் பார்த்துக்கொள்வாள், பொறுப்பான பிள்ளை. திறந்த பல்கலைக்கழகத்துக்குப் போவதா, இறையியல் படிப்பதா என்பதில்தான் குழப்பம். இந்த வயதில் இது சரிதானா?
- ஒரு சகோதரி, கொழும்பு 13

பதில்:

தங்கச்சி, இந்த வயதில் படிக்கலாமா என்று கேட்டு வந்த கடிதங்கள் என் மேசை லாச்சியில் ஒரு கட்டு கிடக்கின்றன. எல்லோருக்கும் படியுங்கள் என்றுதான் எழுதினேன். உங்களுக்கும் அதுதான். இனி நீங்கள் கேட்காத விஷயத்துக்கு வருவோம்.

"வீட்டு வேலையை மகள் பார்த்துக்கொள்வாள், பொறுப்பான பிள்ளை" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கர்த்தரிடம் மூன்று நாள் கேட்டிருக்கிறீர்கள். போதகரிடம் கேட்டிருக்கிறீர்கள். கணவரிடமும் கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பிள்ளையிடம் கேட்டீர்களா? கேட்டதாக ஒரு வரியும் இல்லை.

ஏ.எல். எடுக்கப்போகிற பிள்ளையின் நாள் எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியாதா? பாடசாலை விட்டால் ரியூஷன், ரியூஷன் விட்டால் பழைய வினாத்தாள். அதற்கு நடுவில் சோறு வடித்து, தகப்பனுக்கும் தமையனுக்கும் கறி வைத்து, சட்டி பானை கழுவிவிட்டு அவள் எத்தனை மணிக்குப் புத்தகத்தைத் திறப்பாள்? அரச பல்கலைக்கழகத்துக்கு மூன்று தடவைதான் முயற்சி செய்யலாம். அனுமதியைத் தீர்மானிக்கிற இஸட் புள்ளியில் கொஞ்சம் குறைந்தாலும் ஆசைப்பட்ட துறை போய்விடும். நாவலையில் இருக்கிற திறந்த பல்கலைக்கழகம் உங்களுக்காக அடுத்த வருடமும் இருக்கும், அதற்கடுத்த வருடமும் இருக்கும். அவளுக்கு அந்த வசதி கிடையாது.

2001இல் உங்கள் வீட்டில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அம்மா படுத்தார், நீங்கள் குசினிக்குள் போனீர்கள். உங்களுக்கு ஆண் சகோதரர்கள் இருந்தார்களா என்று எழுதவில்லை. இருந்திருந்தால் அவர்கள் தங்கள் பரீட்சைகளை ஒழுங்காக எழுதியிருப்பார்கள் என்று நான் பந்தயம் கட்டுவேன். உங்கள் அம்மாவுக்காவது நோய் வந்தது. உங்கள் மகளின் அம்மாவுக்கு வந்திருப்பது ஒரு வாக்குத்தத்த அட்டை.

நான் அவிசுவாசி இல்லை. எனக்கும் வருடா வருடம் அட்டை வருகிறது, வேதாகமத்துக்குள் வைத்துக்கொள்கிறேன். ஆனால் 11ஆம் வசனத்தை அட்டையில் அடிக்கிறவர்கள் 10ஆம் வசனத்தை அடிப்பதில்லை. அது பாபிலோனுக்குச் சிறைபிடிக்கப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா அனுப்பிய நிருபம். எழுபது வருடம் கழித்துத்தான் திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் அந்த இனிப்பான வசனம் வருகிறது. அதுவரை என்ன செய்வதாம்? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், மகன்களுக்கும் மகள்களுக்கும் கலியாணம் செய்து வையுங்கள் என்று 5ஆம் 6ஆம் வசனங்களில் இருக்கிறது. அடுத்த தலைமுறைக்கு வழிவிட்டுக் காத்திருக்கச் சொன்ன கடிதம் அது. முழு அதிகாரத்தையும் இன்றிரவு வாசியுங்கள்.

கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று லூக்கா 14இல் இயேசு கேட்கிறார். அவன் பார்ப்பது தன் கையிருப்பை. நீங்கள் கணக்குப் பார்த்துவிட்டு மகளின் உண்டியலை உடைக்கப் போகிறீர்கள்.

இதை இவ்வளவு கடுமையாகச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. நான் படித்தது என் அக்காவின் கைச்சமையலில். எங்கள் வீட்டிலும் அக்கா பொறுப்பான பிள்ளைதான். என் பட்டமளிப்புப் படத்தில் அப்பா, அம்மா, சித்தி, சித்தப்பா எல்லோரும் நிற்கிறார்கள், அக்கா இல்லை. திரும்பி வரும்போது எல்லோருக்கும் மதியச் சாப்பாடு இருக்க வேண்டுமென்று அவளை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தோம். அன்றைக்கு அது யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை, எனக்கும்தான்.

சரி, மகனுக்கு வருவோம். வேலை செய்கிறான் என்று எழுதிவிட்டு அவனை விட்டுவிட்டீர்கள். வேலைக்குப் போகிறவன் அரிசி கழுவக்கூடாது என்றால், நீங்களும் வேலைக்குத்தானே போகிறீர்கள்? கணவர் மறுக்கவில்லை என்று நன்றியோடு எழுதுகிறீர்கள். மறுக்காமல் இருப்பது ஒரு உதவியா? எந்த நாள் சமைப்பேன், எந்த நாள் உடுப்புத் தோய்ப்பேன் என்று அவர் வாயால் சொல்லட்டும், அப்போது நம்புகிறேன். ஆம்பிளைகளுக்கு இதெல்லாம் வராது என்று உங்கள் மாமியார் சொன்னால் யோவான் 21ஐ வாசித்துக் காட்டுங்கள். திபேரியாக் கடற்கரையில் கரிநெருப்பில் மீனை வைத்துவிட்டு, வலை இழுத்துக் களைத்து வந்தவர்களை "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்று கூப்பிட்டது உயிர்த்தெழுந்த ஆண்டவர்.

அடுத்தது போதகருக்குப் பிடிக்காத விஷயம். புதன், சனி, ஞாயிறு என்று வாரத்தில் மூன்று நாள் சபைக்குக் கொடுத்திருக்கிறீர்கள். படிப்புக்கு நேரம் வேண்டுமென்றால் அங்கேயிருந்து எடுங்கள். ஆராதனையை விடச் சொல்லவில்லை. பாடகர் குழுவை விடுங்கள், புதன்கிழமையை விடுங்கள். திறந்த பல்கலைக்கழகத்தில் நேரடி வகுப்புகள் பெரும்பாலும் சனி, ஞாயிறுகளில்தான் வரும், ஞாயிறு பாடசாலையையும் ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டியிருக்கும். தேவசித்தம் என்று சொன்ன போதகர் அந்த வகுப்புக்கு வேறு ஆள் தேடித் தரட்டும். அப்போது அவர் எவ்வளவு உறுதியாகச் சொன்னார் என்பதும் தெரிந்துவிடும்.

எதைப் படிப்பது என்பது இதில் சின்ன விஷயம். நீங்கள் ஏற்கனவே பாலர் வகுப்பில் நிற்கிறீர்கள், அதையே படியுங்கள். 1980இல் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகம் உங்களைப் போலப் பாதியில் விட்டவர்களையும் மனதில் வைத்து நடப்பது. முன்பள்ளிக் கல்வியும் அங்கே இருக்கிறது. ஏ.எல். இல்லாதவர்களுக்கு அடிப்படைப் பாடநெறி வழியாக உள்ளே போக இடம் உண்டு. இலவசம் இல்லை, கட்டணம் கட்ட வேண்டும். எல்லாப் பாடநெறியும் தமிழில் நடப்பதில்லை, எது நடக்கிறது என்று நேரில் போய்க் கேட்ட பிறகு பணத்தைக் கட்டுங்கள். கொட்டாஞ்சேனையில் 176 பஸ் ஏறினால் நாவலையில் இறங்கலாம். பொரளை நெரிசலில் ஒரு பாடம் வாசித்து முடித்துவிடலாம்.

இறையியலுக்கு அவசரம் இல்லை. கொழும்பு இறையியல் கல்லூரி 1994இலிருந்து இருக்கிறது, தமிழிலும் படிப்பிக்கிறார்கள், பிறகு போகலாம். கண்டிக்குப் பக்கத்தில் பிலிமத்தலாவையில் 1963இல் சபைகள் சேர்ந்து தொடங்கிய கல்லூரி, போய்த் தங்கிப் படிக்கிறவர்களுக்கானது, இப்போதைக்கு உங்களுக்குச் சரிவராது. ஊழியம் என்ற பெயர் இருந்தால்தான் ஒரு பெண்ணின் படிப்பை நாலு பேர் மதிப்பார்கள் என்று நினைக்கிறீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அப்படியென்றால் அந்த நாலு பேரை விடுங்கள்.

விண்ணப்பப் படிவத்துக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இந்த வாரம் ஒரு பின்னேரம், தகப்பனும் தமையனும் இல்லாத நேரமாகப் பார்த்து, மகளிடம் உட்கார்ந்து கேளுங்கள். "சரி அம்மா, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று உடனே சொல்வாள். அதைச் சம்மதமாக எடுக்காதீர்கள். 2001இல் நீங்களும் அப்படித்தானே சொன்னீர்கள்? அவளுடைய ரியூஷன் நேர அட்டவணையை வாங்கிக் குசினிச் சுவரில் ஒட்டுங்கள். அப்புறம் மகனைக் கூப்பிட்டு, அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் விடுவது என்று காட்டிக்கொடுங்கள். முதல் மாதம் பருப்பு அடிப்பிடிக்கும். பேசாமல் சாப்பிடுங்கள்.